விலை இறங்கிய சேலை

அழகம்மாள் வீட்டு வாசலில் கிடந்த நார்க்கட்டிலின் மேல் காளை இரண்டு சேலைகளை விரித்துப் போட்டான். இரண்டும் பட்டு. இரண்டுக்கும் அரக்கு உடம்பு, மஞ்சள் கரை, முந்தானையில் அன்னம். எது எதுவென்று பிரித்துச் சொல்ல வேண்டுமானால் மோந்துதான் பார்க்க வேண்டும். ஒன்றில் சந்தனமும் வியர்வையும் கலந்து வீசியது. அது போன மாதம் அழகம்மாளின் மகள் சீனியம்மாள் சடங்கில் உட்கார்ந்தபோது கட்டியது. மற்றதில் கடை வாடை இன்னும் போகவில்லை.

"நல்லாப் பாத்துக்கங்க," என்றான் காளை. "இது எங்க மதினி ஆனி மாசம் சீராக் கொண்டாந்தது. நானூத்தி இருவது ரூவா. இது நேத்து நான் அதே கடையில எம் பொண்டாட்டிக்கு எடுத்தது. எரநூத்தித் தொண்ணூறு. ஆடித் தள்ளுபடி. மல மாதிரி குமிச்சுப் போட்டு வச்சிருக்கான், அள்ளிக்க அள்ளிக்கன்னு."

தெருச் சனம் கட்டிலைச் சுற்றி நின்றது. பெண்கள் கரையைத் திருப்பிப் பார்த்தார்கள், நூலை நீவினார்கள், விரலை எச்சில் தொட்டுச் சாயத்தைத் தேய்த்தார்கள். அடுத்தவர் வீட்டுச் சீரை இரண்டாம் தடவை எடை போடுகிற சந்தர்ப்பம் அடிக்கடி வாய்ப்பதில்லை. அந்தச் சந்தோஷம் எல்லோர் முகத்திலும் இருந்தது.

செல்லத்தாய் கத்தரித் தோட்டத்தில் களை வெட்டிவிட்டு வந்தவள், கையில் களைக்கொத்தோடு கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. பக்கத்து வீட்டு முத்துத்தாய்தான் ஓடி வந்து சொன்னாள், "அடியே, ஒஞ் சீர ஏலம் போடுறாண்டி ஒங் கொழுந்தன்" என்று.

செல்லத்தாயின் புருஷன் விருமாண்டி மூன்று வருஷத்துக்கு முன்னால் கிணறு வெட்டப் போன இடத்தில் வெடி பிந்தி வெடித்துச் செத்தான். பிள்ளை இல்லை. அவனுடைய பங்குக்கு இரண்டு குறுக்கம் மானாவாரிப் புஞ்சை இருந்தது. உசிலம்பட்டிக்கும் பேரையூருக்கும் நடுவில், வெள்ளப்பாறைப்பட்டியில் கிடக்கிற செம்மண். மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் ஓணான். அந்தப் புஞ்சையைத் தம்பி காளை அன்றைக்கே கேட்டான். பிள்ளை இல்லாதவளுக்கு மண் எதற்கு என்றான். பங்காளிகள் கூடிப் பேசி ஒரு முடிவு சொன்னார்கள். விருமாண்டி செய்ய வேண்டிய செய்முறையை யார் விடாமல் செய்கிறார்களோ அவர்களுக்குத்தான் விருமாண்டி புஞ்சை. தங்கச்சி அழகம்மாள் மகள் ஆளாகிற நாளில் தாய்மாமன் சீர் வந்தாக வேண்டும். அதை அவள் செய்தால் அவளே உழுதுகொள்ளட்டும். செய்ய முடியாவிட்டால் காளை செய்வான், உழுவான்.

அவள் செய்தாள். ஒரு கிடேரியை விற்றாள். கிடா, பழம், வளையல், பட்டு எல்லாம் அவள் காசு. ஆனால் தாலி அறுத்தவள் சீர்த்தட்டைத் தொடக்கூடாது என்று, தலைப்பாகை கட்டிக்கொண்டு காளைதான் கொட்டுக்காரர்களுக்கு முன்னால் நடந்தான். அவள் தன் சீருக்குப் பின்னால், கடைசி ஆளாக, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போனாள். பட்டில் குத்தியிருந்த விலைச் சீட்டைப் பிய்க்காமலே தட்டில் வைப்பதுதான் ஊர் வழக்கம். வந்தவர்கள் ஒவ்வொருவரும் அதைப் படித்துவிட்டு, அல்லது படிக்கத் தெரிந்தவர்களிடம் கேட்டுவிட்டு, ஒத்துக்கொண்டார்கள். சீர் குறைவில்லை.

இப்போது ஆடி பிறந்துவிட்டது.

"என்ன சொல்ல வார காளை?" என்றாள் செல்லத்தாய், கூட்டத்தை விலக்கிக்கொண்டு.

"நான் என்னத்தச் சொல்றது மதினி. சேலதான் சொல்லுதே."

"வாயிருக்குல்ல ஒனக்கு. சொல்லு."

"எரநூத்தித் தொண்ணூறு பெறுமானச் சேலைய நானூத்தி இருவதுன்னு தட்டுல வச்சிருக்கீக. நீங்க பொய் சொன்னீகன்னு நான் சொல்லல. ஏமாந்துட்டீக. பொம்பள தனியாப் போயி பட்டு எடுத்தா இப்பிடித்தான் ஆகும். அப்ப சீரு நெறையல. எங்கண்ணன் சீரு கொற விழுந்து நிக்குது. அத நான் ஆவணி மொத முகூர்த்தத்துல செஞ்சு முடிச்சிக்கிறேன்." கட்டிலிலிருந்து தன் சேலையை மட்டும் எடுத்து மடித்தான். "அது வரைக்கும் அந்தப் புஞ்சையில ஏர் எறங்க வேணாம்."

முந்தின நாள்தான் ஒரு மழை பெய்திருந்தது. மண் இரண்டு மூன்று நாளைக்கு ஈரம் தாங்கும். அதற்குள் உழுது விதைக்காவிட்டால் அந்த வருஷத்துச் சோளம் போனதுதான். ஆவணியில் உழுவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. அது காளைக்கும் தெரியும். அவன் தேதி பார்த்துத்தான் சேலை எடுத்திருந்தான்.

செல்லத்தாய் நாத்தனாரைப் பார்த்தாள். அழகம்மாள் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நகத்தைக் கடித்தாள். அவளுடைய புருஷன் நல்லகாமன் பீடியைப் பற்றவைப்பதில் மும்முரமாக இருந்தான்.

"அழகு, நீ ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

"நான் என்ன மதினி சொல்ல? ரெண்டும் எங்க அண்ணந் தம்பி சீருதான். எனக்குச் சீரு நெறஞ்சாச் சரி."

கட்டிலில் கிடந்த சேலையைச் செல்லத்தாய் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "இந்தச் சேலய ஒரு பகலுக்கு எரவல் குடு. நாளைக்குப் பொழுது சாயக் கொண்டாந்துருவேன்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் முத்துத்தாயும் கூட வந்தாள். முத்துத்தாய்க்கு மதுரையில் ஒரு வேலையும் இல்லை. வேடிக்கை பார்க்க ஒரு சண்டை கிடைக்கும்போது வீட்டில் உட்கார்ந்திருக்க அவளால் முடியாது. உசிலம்பட்டியில் பஸ் மாறினார்கள். ஆட்டுக்குட்டியோடு ஒருத்தன், கீரைக் கட்டோடு நாலு பேர், நிற்க இடமில்லை.

"கடக்காரன் திருப்பிக் குடுப்பானாடி?"

"குடுக்கணும்."

"குடுத்த காச எந்தக் கடக்காரன் திருப்பிக் குடுத்திருக்கான்? எம் மருமயன் பஸ்ஸுல மீதிச் சில்லற கேட்டு அடி வாங்கிட்டு வந்தான்."

"நான் கேட்டேன்க்கா. அன்னைக்கே கேட்டேன். ஆடியில கொறப்பீகளான்னு. பட்டுக்கெல்லாம் கொறைக்க மாட்டோம்மா, நூல் சேலைக்குத்தான், பட்டு என்னைக்கும் ஒரே வெலதான், அப்பிடின்னாரு அந்த ஆளு. குங்குமம் வச்சு, கண்ணாடி போட்டுக்கிட்டு, மூஞ்சியப் பாத்தா பொய் சொல்ற ஆளு மாதிரியா இருந்துச்சு?"

"பொய் சொல்றவன் மூஞ்சியில எழுதி ஒட்டிக்கிட்டா உக்காந்திருப்பான்?"

சிம்மக்கல்லில் இறங்கி நடந்தார்கள். கடை இருந்த தெரு அடையாளம் தெரியவில்லை. குறுக்கே துணிப் பட்டையைக் கட்டி, சிவப்பு மையில் ஆடித் தள்ளுபடி என்று எழுதியிருந்தார்கள். வாசலில் ஒலிபெருக்கி அலறியது. கை ரிக்‌ஷாவும் சைக்கிளும் பெண்களும் பெண்களுக்காகக் காத்து நிற்கிற ஆண்களுமாக, உள்ளே போவதற்கே இடித்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. ஆனியில் அவள் வந்தபோது இதே கடையில் மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்துச் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். இன்றைக்கு ஒருத்தன் "உள்ள போம்மா, உள்ள போம்மா, வாசல மறைக்காத" என்று முதுகில் கை வைத்தான்.

வெள்ளை விரித்த மெத்தையின் நடுவில் சேலைகள் குவிந்து கிடந்தன. அரக்கும் மஞ்சளும் அன்னமும் அதில் எத்தனையோ. ஒவ்வொன்றின் சீட்டிலும் பழைய விலையைச் சிவப்புக் கோட்டால் அடித்துப் புது விலை எழுதியிருந்தது. தன் கிடேரியை யாரோ கோடு கிழித்து அடித்துப் போட்ட மாதிரி இருந்தது செல்லத்தாய்க்கு.

குவியலுக்குப் பின்னால் அந்தக் கண்ணாடிக்காரர் உட்கார்ந்திருந்தார். பெயர் ராமதாஸ். பக்கத்துப் பையனிடம் தங்கள் வீட்டுப் பாஷையில் ஏதோ சொல்லிக்கொண்டே சேலை மடித்தவர், அவளைப் பார்த்ததும் கையை நிறுத்தினார். அடையாளம் தெரிந்துவிட்டது.

"வாங்கம்மா. என்ன பாக்குறீங்க?"

"ஒங்களத்தான் பாக்க வந்தேன்." கக்கத்துச் சேலையை எடுத்து அவர் மடியில் போட்டாள். "இது எம்புட்டுக்குக் குடுத்தீக?"

அவர் சேலையைப் பிரித்துப் பார்க்கவில்லை. குரலைத் தாழ்த்தினார். "அம்மா, அது ஆனி விலை. இது ஆடி விலை. எல்லாக் கடையிலயும் இப்படித்தான்."

"பட்டுக்குக் கொறைய மாட்டோம்னு சொன்னது எந்த மாசத்து வெல?"

முத்துத்தாய் ஒரு சேலையை உதறித் தன் தோளில் போட்டு அழகு பார்த்தபடி கேட்டாள். "ஏங்கய்யா, வாசல்ல அந்தச் செவப்பு எழுத்து நல்லா இருக்கு. எப்ப எழுதுனீக? நேத்தா?"

"அது... ஆனி பொறந்தப்பவே பெயிண்டர்கிட்டக் குடுத்தாச்சு. அப்பக் குடுத்தாத்தான் அவரு..." அதற்கு மேல் வாயை மூடிக்கொண்டார். அதற்குள் சொல்லியாகிவிட்டது.

"கேட்டுக்கிட்டியாடி?" என்றாள் முத்துத்தாய்.

செல்லத்தாய் கேட்டுக்கொண்டாள். மெத்தையின் ஓரத்தில், குவியலை ஒட்டி, சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். சேலையை மடியில் வைத்துக்கொண்டாள். குவியலைக் கிளற வந்த முதல் பெண்ணிடம், சத்தம் போடாமல், பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்வது போலச் சொன்னாள்.

"இதே சேல தாயி. போன மாசம் நானூத்தி இருவது. கொறையாதுன்னு சொல்லி வித்தாக. நீ இன்னைக்கு எடுக்குறத அடுத்த மாசம் எம்புட்டுக்கு விப்பாகளோ, கேட்டுக்க."

அந்தப் பெண் கையிலெடுத்த சேலையைக் கீழே வைத்தாள். அடுத்தவளிடமும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவளிடமும் அதையே. கோபமாகச் சொல்லியிருந்தால் பைத்தியம் என்று ஒதுங்கிப் போயிருப்பார்கள். அவள் சந்தையில் சொத்தைக் கத்தரிக்காயைக் காட்டுகிற மாதிரி காட்டினாள். பள்ளிக்கூட டீச்சர் போல இருந்த ஒருத்தி நின்றுவிட்டாள். "நான் வைகாசியில இங்கதான் ரெண்டு பட்டு எடுத்தேன். எங்கிட்டயும் இதத்தான் சொன்னாங்க" என்றாள். பின்னால் இருந்த யாரோ "எங்கிட்டயும்" என்றார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த மெத்தையைச் சுற்றி விற்பனை நின்றுபோனது.

முதலாளி கல்லாவை விட்டு இறங்கி வந்தார். வெள்ளைச் சட்டை, விரல் நிறைய மோதிரம். அதட்டினால் காரியம் கெடும் என்று தெரிந்தவர். சிரித்தார்.

"என்னம்மா, என்ன பிரச்சனை? உள்ள வா, பேசுவோம். காப்பி சாப்பிடுறியா?"

"இங்கனயே பேசுங்க. எனக்கு நூத்தி முப்பது ரூவா வரணும்."

"அதெப்படிம்மா வரும்? வியாபாரம்னா விலை ஏறும் இறங்கும். இன்னைக்கு இறங்குனா வந்து திருப்பிக் கேக்குற. நாளைக்கு இந்தச் சேல அறுநூறு ரூபாய்க்கு ஏறுனா, வந்து மிச்சத்தக் குடுப்பியா?"

சுற்றி நின்றவர்கள் சிலர் சிரித்தார்கள். நியாயமான கேள்வி போலத்தான் இருந்தது. முத்துத்தாய்கூடச் செல்லத்தாயைத் திரும்பிப் பார்த்தாள்.

"குடுக்க மாட்டேன்," என்றாள் செல்லத்தாய். "ஏறுறது எறங்குறது எனக்குத் தெரியாததா? பருத்தி போட்டிருக்கேன். நான் எடுத்துட்டுப் போற அன்னைக்குக் குவிண்டால் வெல ஒண்ணு, மறுநா ஒண்ணு. கமிசன் கடைக்காரன்கிட்டப் போயி நேத்து எனக்குக் கொறச்சுப் போட்டியே, இன்னைக்கு வெலைக்கு மிச்சத்தத் தான்னு நான் கேட்டதே இல்ல. அது மழ மாதிரி. அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒங்களுக்குத் தெரியும். நாளு குறிச்சு வச்சிருந்தீக. போர்டு எழுதக் குடுத்து வச்சிருந்தீக. வெலையக் கொறைக்கப் போற சேலைய, கேக்கக் கேக்க, கொறையாதுன்னு சொல்லி எந் தலையில கட்டுனீக. அவசரம் எனக்கு. ஆனியில சடங்கு, ஆடியில சீர் போகாது. அதத் தெரிஞ்சுக்கிட்டுத்தான சொன்னீக? அதுக்குப் பேரு வெல எறங்குறதா?"

"நான் சொன்னனா? நான் உங்கிட்டப் பேசவே இல்லையேம்மா."

"ஒங்க மெத்தையில ஒக்காந்து சொன்னாரு."

முதலாளி ராமதாஸைப் பார்த்தார். ராமதாஸ் மடித்த சேலையையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

"போலீசக் கூப்பிட்டா என்ன ஆகும் தெரியும்ல?"

"கூப்புடுங்க," என்றாள் முத்துத்தாய் உற்சாகமாக. "போலீசுக்காரர் பொண்டாட்டியும் இந்தக் கூட்டத்துலதான் எங்கயாச்சும் நிப்பா. அவுக எப்ப எடுத்தாகளோ."

பெரிய சிரிப்பு எழுந்தது. முதலாளிக்கு முகம் கறுத்தது. வாசலில் புதிதாக வந்தவர்கள் உள்ளே என்ன கூட்டம் என்று எட்டிப் பார்த்தார்கள். ஒரு மணி நேர வியாபாரம் அவருக்கு எத்தனை நூற்று முப்பது என்று கணக்குப் போட்டிருப்பார். குனிந்து, அவள் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "பின்பக்கமா வா. தர்றேன். வாங்கிட்டு வாயத் திறக்காமப் போயிரணும்."

"பின்பக்கம் வந்து வாங்குனா அது பிச்ச. எங் காச முன்பக்கமாத்தான் வாங்குனீக."

அப்போதுதான் டீச்சரம்மாள், நல்லெண்ணத்தோடு, இடைபுகுந்தாள். "குடுத்துருங்க சார். பாவம், இருநூத்தித் தொண்ணூறு ரூபாச் சேலைக்கு ஏன் அவங்க கூடக் குடுக்கணும்?"

செல்லத்தாய்க்குச் சுருக்கென்றது. ஊரில் காளை சொன்னதும் அதேதானே. இருநூற்றுத் தொண்ணூறு ரூபாய்ச் சேலை. காசைத் திருப்பி வாங்கின அந்த நிமிஷத்தில் அவள் வாயாலேயே ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். வாங்காமல் போனால் ஏமாந்தவள், வாங்கிப் போனால் குறைச்சீர்க்காரி. எந்தப் பக்கம் திரும்பினாலும் காளையின் ஏர்தான் அவள் புஞ்சையில் நிற்கிறது. மடியில் கிடந்த பட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். இப்படியே எழுந்து போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு, எழுந்து போகத்தானே இந்த முதலாளி இத்தனை நேரம் காத்திருக்கிறான் என்று தோன்றியது. போகவில்லை.

"கணக்கரே," என்று முதலாளி கல்லாப் பக்கம் கத்தினார். "இந்தம்மாவுக்கு நூத்தி முப்பது குடுத்தனுப்பு. ராமதாஸ் சம்பளத்துல எழுதிக்க."

"அவரு சம்பளத்துல எதுக்கு எழுதுறீக? சேல வித்த காசு அவரு வீட்டுக்கா போச்சு?"

"அது எங்க கடை விஷயம்மா. பொய் சொன்னவன் அவன்தானே? நீதான் சொன்ன. கேட்டது கெடச்சிருச்சில்ல, கெளம்பு." கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார். "பாத்துக்கங்க, எங்க ஆளு தப்புப் பண்ணா நாங்க விட்டுக்குடுக்க மாட்டோம்." நாலைந்து பேர் தலையை ஆட்டினார்கள். டீச்சரம்மாள் "எனக்கு?" என்று கேட்டபோது அவர் காது கேட்காதவராகிக் கல்லாவில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

வாசல் வரைக்கும் ராமதாஸ் வந்தார். சேலையைக் காகிதத்தில் சுற்றிக் கொடுக்கும் சாக்கில் வந்திருந்தார்.

"அம்மா, எனக்கு மாசம் இருநூத்தம்பது. அதுல பாதி போச்சு. வீட்டுல தறி நின்னு போயி ரெண்டு மாசம் ஆகுது."

"கொறையாதுன்னு யாரு சொல்லச் சொன்னா?"

"யாரு சொல்லுவா? தினம் காலையில கடை தெறக்கும்போது நிக்க வச்சுச் சொல்லுவாரு. ஆடி பத்தி யாராச்சும் கேட்டா பட்டுக்கு இல்லைனு சொல்லுங்கன்னு. எல்லாரும்தான் சொன்னோம்."

"அத அங்கன நின்னு சொல்லியிருக்கலாம்ல? அம்புட்டுச் சனம் இருந்துச்சே."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொன்னா நாளைக்கு வேலை?"

"அப்ப அனுபவிங்க." முந்தானையில் காசை முடிந்துகொண்டாள். "நான் எனக்கு ஒக்காந்தேன். ஒங்களுக்கு நீங்கதான் ஒக்காரணும். அதுக்கும் நானே வரணுமா?"

அவர் உள்ளே போய்விட்டார். பஸ்ஸில் முத்துத்தாய் நடந்ததையெல்லாம் பக்கத்து சீட்டுக்காரிக்கு முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தாள். சொல்லும்போது முதலாளி அவள் காலில் விழாத குறையாக ஆகிவிட்டார். செல்லத்தாய்க்கு முந்தானை முடிச்சு இடுப்பில் உறுத்திக்கொண்டே இருந்தது. கடையில் கையை விரித்துக் காட்டினானே, அந்த ஆள் பையிலிருந்து ஒரு காசு இறங்கவில்லை. பொய்யும் அவனுடையது, லாபமும் அவனுடையது, நல்ல பேரும் அவனுடையது. அதை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது? உசிலம்பட்டியில் இறங்கி வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டாள். புஞ்சைகளில் ஏர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் புஞ்சை மட்டும் மேலே வெளுக்க ஆரம்பித்திருந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் அழகம்மாள் வாசலுக்குப் போனாள். காளை கட்டிலில் உட்கார்ந்திருந்தான். நல்லகாமன் திண்டுக்கல் புகையிலையைக் கிள்ளிக்கொண்டிருந்தான். முத்துத்தாய் வழியில் பார்த்த ஆளையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

"அழகு, ஒரு தாம்பாளம் கொண்டா."

தாம்பாளம் வந்தது. சேலையை வைத்தாள். வெற்றிலை பாக்கு வைத்தாள். முடிச்சை அவிழ்த்து ரூபாயை அதன் மேல் வைத்தாள். தட்டைத் தானே இரண்டு கையாலும் தூக்கி நீட்டினாள். கூட்டத்தில் ஒரு கிழவி "ஏ, தாலியறுத்தவ தட்டத் தொடலாமா?" என்று ஆரம்பித்தாள். செல்லத்தாய் திரும்பவில்லை.

"ஒங்கண்ணன் சீரு. சேல எரநூத்தித் தொண்ணூறுன்னா அப்பிடியே இருக்கட்டும். மிச்சத்துக்கு ரொக்கம். தட்டுல நான் சொன்னது நானூத்தி இருவது. இப்பவும் அம்புட்டுதான்."

காளை எழுந்தான். "அப்ப ஏமாந்தது நெசந்தான? ஒங்க வாயாலயே ஒத்துக்கிட்டீகல்ல?"

"ஏமாந்தேன். யாரு இல்லைன்னா? ஏமாந்தேன், திரும்பிப் போனேன், ஒக்காந்தேன், வாங்குனேன். ஒங்கண்ணன் ஒருக்கா கட்டி தட்டுன உர மூட்டைய வாங்கிட்டு வந்தாரு. மாத்திட்டு வாங்கன்னேன். ஆம்பள போயி அதெல்லாம் கேட்டா மானம் போயிரும்னாரு. மூட்ட மூலையில கெடந்து கல்லாப் போச்சு. அதுக்காக அவரு புஞ்சைய யாராச்சும் புடுங்குனீகளா? அவரு ஏமாந்தா மானஸ்தன். நான் ஏமாந்தா ஏர் எறங்கக் கூடாதா?"

"அது வேற, இது வேற..."

"சரி, வேறயாவே இருக்கட்டும். ஆவணியில நீ செய்யப் போற சீருக்கு எந்தச் சேல?"

நல்லகாமனுக்குத்தான் முதலில் புரிந்தது. புகையிலையைத் துப்பிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தான்.

"ஏ மாப்ள! வீட்டுல மடிச்சு வச்சிருக்கியே, தள்ளுபடிச் சேல, அதையா எம் மகளுக்குப் போத்தப் பாத்த? பொண்டாட்டிக்கு எடுத்தேன்னில்ல சொன்ன?"

"நான் அப்பிடிச் சொல்லலையே மச்சான்."

"சொல்லாட்டி என்ன, வேற பட்டு எடுக்குற ஆளா நீ?" கூட்டமும் சிரித்தது. நேற்று வரைக்கும் செல்லத்தாயின் சேலையை நீவிப் பார்த்த அதே கூட்டம்தான். நல்லகாமன் துண்டை உதறித் தோளில் போட்டான். "சரிப்பா, சீரு நெறஞ்சிருச்சு. எல்லாரும் கேட்டுக்கங்க. தங்கச்சி நாளைக்கு ஏர் கட்டட்டும்."

செல்லத்தாய் அழகம்மாளைப் பார்த்தாள். ஒரு வார்த்தை, வேண்டாம் மதினி, காசை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு பேச்சுக்காவது சொல்வாள் என்று ஒரு மூலையில் நினைத்திருக்கிறாள் போல. இல்லாவிட்டால் ஏன் பார்க்க வேண்டும்? அழகம்மாள் தட்டை வாங்கினாள். ரூபாயை எடுத்து இரண்டு தடவை எண்ணினாள். உள்ளே போனாள். பானை மூடியைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. மதுரையில் ஒருத்தன் பாதி மாதம் சேலை மடித்த கூலி வெள்ளப்பாறைப்பட்டியில் கேழ்வரகுப் பானைக்குள் போயிற்று. அந்தக் கடையில் இந்நேரம் விளக்குப் போட்டிருப்பார்கள். வியாபாரம் நன்றாக நடந்துகொண்டிருக்கும்.

"சாப்புட்டுப் போங்க மதினி," என்றாள் அழகம்மாள், வெளியே வந்து.

விடிந்ததிலிருந்து செல்லத்தாய் வயிற்றில் ஒன்றுமில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தால் கௌரவமாக இருக்கும். கௌரவத்துக்காக இன்றைக்குச் செலவழித்தது போதும் என்று இருந்தது.

"வை," என்றாள். வாசலிலேயே உட்கார்ந்தாள்.

சோளச்சோறும் கருவாட்டுக் குழம்பும் வந்தன. பெரிய கவளமாக எடுத்து விழுங்கினாள். கூட்டம் கலைய ஆரம்பித்தது. காளையும் துண்டை எடுத்தான்.

"காளை, நில்லு. நாளைக்கு எனக்கு ஏர் கட்டணும். தெருவுல சும்மா நிக்கிறது ஒஞ் சோடி மாடுதான். வாடகை எம்புட்டு?"

"என்ன மதினி, நமக்குள்ள போயி..."

"நமக்குள்ளதான் நேத்துக் கட்டில் போட்டு வெல பேசுன. சொல்லு. எல்லாரும் நிக்கிறப்பவே சொல்லு."

"ஆளோட சேத்து... பதினெட்டு ரூவா."

"சிவனாண்டிக்கு எம்புட்டுக்கு ஓட்டுன?"

காளை மச்சானைப் பார்த்தான். நல்லகாமன் வேறு பக்கம் பார்த்தான்.

"பதினஞ்சு."

"அப்ப எனக்கும் பதினஞ்சு. இப்பவே கொறச்சுச் சொல்லிரு. பின்னாடி வேற எவனுக்காச்சும் பன்னெண்டுக்கு ஓட்டுனேன்னு காதுல விழுந்துச்சு, ஒன் வாசல்ல வந்து ஒக்காந்துருவேன்."

காளை தலையை ஆட்டிவிட்டு இருட்டுவதற்குள் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனான். செல்லத்தாய் தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டாள்.